ராஜிக்கு முன் வந்த வேன்

கல்கிலியாவுக்கு ஒரே வாசல். ஊரைச் சுற்றி இஸ்ரேல்காரன் எழுப்பிய சுவர், வாசலில் அவனுடைய சிப்பாய். அவன் திறந்தால் ஊர் திறக்கும், மூடினால் மூடிக்கொள்ளும். அந்த ஊரின் மேற்குக் கோடியில், கொய்யாத் தோப்புகளை ஒட்டி நம் படையின் சாவடி ஒன்று இருந்தது. சாவடிக்கும் ஒரு மதில், ஒரு கேட். அந்தக் கேட்டைத் தாண்டிக் காலெடுத்து வைக்க முடியாமல் உள்ளே ஒருவன் கிடந்தான். பெயர் வஸ்ஃபி. சார்ஜன்ட்.

அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் அவன் கதை. அவனுடைய தாத்தாவின் தம்பி பேரன் ஒருவன், முகம் கூட சரியாக நினைவில்லாதவன், காய்கறி மண்டியில் பெட்டி இறக்குகிற இடத்துக்காகச் சண்டை போட்டு, அபூ தைர் குடும்பத்து நாதிர் என்பவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். குத்தியவன் நேராகப் போய் போலீஸில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குச் சிறை, சோறு, பாதுகாப்பு எல்லாம் கிடைத்துவிட்டது. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது மற்றவர்களைப் பிடித்துக்கொண்டது. கொன்றவனின் தந்தைவழியில் ஐந்து தலைமுறைக்குள் இருக்கிற அத்தனை பேரும் ஊரை விட்டுப் போக வேண்டும். போகாமல் கண்ணில் பட்டவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

அன்று மாலையே வஸ்ஃபியின் குடும்பத்தாரான ஷம்லாவிகளின் வீடுகளில் மெத்தையும் பாத்திரமும் லாரி ஏறின. வஸ்ஃபியின் மனைவி ருவைதா, நிறைமாத வயிற்றோடு, நாப்லூஸில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போனாள். அவன் அப்போது பணியில் இருந்தான். விடிந்ததும் கிளம்பலாம் என்றிருந்தான். விடிந்தபோது இஸ்ரேல் படை ஊர்வாசலை அடைத்திருந்தது. மறுபடி அது திறந்தபோது, ஓடுகிறவனுக்கு வழிவிடும் மூன்று நாள் தவணை முடிந்துபோயிருந்தது. வாசலுக்குப் போகும் சாலையோ அபூ தைர்களின் மண்டிக்கு நடுவே போகிறது.

சாவடித் தலைவர் கேப்டன் இஸ்மத்தான் பெரியவர்களிடம் போய்ப் பேசினார். சாவடி எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லை, அரசாங்கத்தின் இடம், மதிலுக்குள் அவன் என் விருந்தாளி என்றார். அபூ தைர்களின் தலைவர் ஹாஜி முனீப் நெடுநேரம் தாடியை நீவிவிட்டுச் சொன்னாராம்:

"மதிலுக்குள்ள இருக்கட்டும். எங்க வாக்கு மதிலோட நிக்குது. கேட்டுக்கு வெளிய ஒரு கால் வச்சான்னா அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க கேப்டன்."

அப்படிக் கிடந்தவனுக்கு நாப்லூஸில் பெண் குழந்தை பிறந்தது. தாலா என்று பெயர் வைத்ததைப் போனில்தான் கேட்டான். குழந்தை அழுவதையும் போனில்தான் கேட்டான். மதிலோரமாக நடப்பான், திரும்புவான், மறுபடி நடப்பான். கேட்டின் அடியில் ஒரு சாண் இடைவெளி உண்டு. சாவடிப் பூனை அதன் வழியே இஷ்டத்துக்குப் போய் வரும். அந்தப் பூனையைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்பட்டான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வஸ்ஃபி பொறாமைப்பட்டான்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. அதே சாவடியில், அதே அறையில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் ஃபவ்வாஸ். ஹாஜி முனீபின் மகன். கொலையுண்ட நாதிருக்குப் பெரியப்பா பிள்ளை. படையில் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். கொலைக்குப் பிறகு ஹாஜியார் மகனைக் கூப்பிட்டு, வேலையை விட வேண்டாம், ஆனால் இரு குடும்பமும் ராஜி ஆகிறவரை அவன் கையால் ஒரு வாய் குடிக்காதே, அவனோடு ஒரு வார்த்தை பேசாதே என்று சொல்லிவிட்டார்.

ஃபவ்வாஸ் அப்பா சொல்லைத் தட்டாதவன். அதே சமயம் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன். அதனால் பூனையிடம் பேச ஆரம்பித்தான். பூனைக்கு மந்திரி என்று பெயர் வைத்தான்.

"மந்திரியாரே, பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட சொல்லுங்க. அவரு காலுறைய வெளிய காயப்போட்டா இஸ்ரேல்காரன் ஊரையே காலி பண்ணிட்டுப் போயிருவான்."

வஸ்ஃபியும் பூனையைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

"மந்திரி, அவரு விடுற குறட்டைக்கு அவன் மொதத் தடவ வந்தப்பவே பயந்து ஓடியிருக்கணும்னு சொல்லு."

பூனை இருவரையும் மதிக்காது. காவலுக்கு நிற்கும் அத்லி, கல்யாணம் நிச்சயமான பையன், இதைக் கேட்டுக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஆனால் காபி விஷயத்தில் சிரிப்பு இல்லை. காலையில் வஸ்ஃபி ஏலக்காய் தட்டிப்போட்டுக் காபி வைப்பான். நாலு கிண்ணம் ஊற்றுவான். ஒன்றை ஃபவ்வாஸின் கட்டிலருகே ஜன்னல் விளிம்பில் வைப்பான். அது அங்கேயே ஆறும். நம் ஊரில் ஒருவன் முன்னால் வைத்த காபியைத் தொடாமல் இருந்தால், தீராத காரியம் ஒன்று நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். ஃபவ்வாஸ் ஒருநாளும் தொடவில்லை. வஸ்ஃபி ஒருநாளும் வைக்காமல் இருக்கவில்லை.

கடைசியில் நாலு ஊர்ப் பெரியவர்கள் கூடி, கால் தேய நடந்து, ராஜிக்கு நாள் குறித்தார்கள். ஒரு வியாழக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, நகராட்சி மண்டபத்தில். ஷம்லாவிகளின் பெரியவர்கள் தலை குனிந்து வந்து நிற்பார்கள். ஹாஜி முனீப் மன்னித்தேன் என்று ஒரு சொல் சொல்வார். காபி வரும், எல்லாரும் குடிப்பார்கள். அவ்வளவுதான், கேட் திறந்துவிடும். வஸ்ஃபி இரவோடிரவாகப் போய்க் குழந்தையைப் பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. நாதிரின் உடன்பிறந்த தம்பி ஷாஹிர். பழி வாங்காமல் முகத்தை மழிப்பதில்லை என்று சத்தியம் செய்தவன். வெள்ளை வேனில் கொய்யாப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவான். சாவடியைக் கடக்கும்போது மட்டும் வண்டியை மெதுவாக ஓட்டுவான். 'ராஜி நாள் வரைக்கும் அவன் உசுரோட இருந்தாத்தானே?' என்று மண்டியில் வைத்துச் சொன்னானாம். ஊர் வாய்க்குக் கதவா இருக்கிறது? அது வஸ்ஃபியின் காதுக்கும் வந்தது, ஃபவ்வாஸின் காதுக்கும் வந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் வஸ்ஃபி வழக்கம்போல் காபி வைத்தான். அவசரத்தில் ஏலக்காய் கொஞ்சம் சிந்தியது. ஜன்னல் விளிம்பில் கிண்ணத்தை வைத்தான். ஃபவ்வாஸ் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே பூனையைப் பார்த்தான்.

"மந்திரியாரே, சொல்லிருங்க. சாயங்காலம் வைக்கிற காபியில ஏலக்காய சிந்தாம பாத்துப் போடச் சொல்லுங்க. எத்தன நாளா மோந்து பாத்தே காலம் தள்ளுறது? மூக்கே குடிகார மூக்கா ஆயிருச்சு."

வஸ்ஃபிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பதிலைச் சாயங்காலம் நேருக்கு நேராகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அதற்காக அவன் இன்றைக்கும் தன்னையே நொந்துகொள்கிறான்.

கேப்டன் இஸ்மத் பனியனோடு நின்று, பாதி முகத்துக்குச் சோப்பு போட்டு மழித்துக்கொண்டிருந்தார். அவர் மேஜையில் ஒரு போன் இருந்தது. அந்தப் போனைப் பற்றிச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இஸ்ரேல் படை ஊருக்குள் யாரையாவது பிடிக்க வரும்போது, இரு தரப்புக்கும் நடுவில் இருக்கிற ஒருங்கிணைப்பு அலுவலகத்திலிருந்து அது அடிக்கும். 'உள்ளே போங்க' என்று ஒரு குரல் சொல்லும். நம் சிப்பாய்கள் கேட்டைச் சாத்திக்கொண்டு, விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் வந்த வேலையை முடித்துப் போன பிறகு மறுபடி அடிக்கும். அப்புறம் வெளியே வந்து ரோட்டில் விறைப்பாக நிற்பார்கள். எதிர்மாடிப் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டே கத்துவார்கள்: "கோழிங்க கூண்டடைஞ்சிருச்சு, முட்டை எத்தன?" நியாயமான ஏச்சுதான்.

கேப்டனுக்கு இதில் ஒரு சூத்திரம் இருந்தது. "போன் அடிச்சா ராணுவம். அடிக்கலேன்னா நம்ம ஊர்ச் சனியன்," என்பார். அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

அன்றைக்குப் போன் அடிக்கவில்லை.

வெள்ளை வேன் ஒன்று வந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றது. பின்னால் கொய்யாப் பெட்டிகள். வஸ்ஃபி ஜன்னல் வழியே பார்த்தான். கேட்டில் நின்ற அத்லி கையை ஆட்டியபடி வண்டியை நகர்த்தச் சொல்லப் போனான்.

"யோவ், மண்டி அந்தப் பக்கம்யா. ராஜிக்குப் பழம் கொண்டு வந்தியா? எனக்கு ரெண்டு குடுத்துட்டுப் போ."

வேனின் பக்கக் கதவு திறந்தது. பட்டென்று ஒரு சத்தம், பலகை உடைவதைப் போல. அத்லி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சிரிக்கும்போது பிடிப்பானே, அதே மாதிரி. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். கட்டம் போட்ட துணியால் முகத்தைச் சுற்றியவர்கள் நாலைந்து பேர் குதித்து வேனுக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

கேப்டன் பாதி மழித்த முகத்தோடு மேஜையை நோக்கிப் பாய்ந்தார். போனை எடுத்துக் காதில் வைத்தார். உயிரோடுதான் இருந்தது. கீழே வைத்தார்.

"போன் அடிக்கல," என்றார். குரல் பிசிறியது. "ராணுவம் இல்ல. ஃபவ்வாஸ், உன் ஆளுங்கடா! ராஜி அன்னைக்கே வந்துட்டானுங்க பாவிங்க!"

அறையில் மூவரும் அதையேதான் நினைத்தார்கள். வெள்ளை வேன், கொய்யாப் பெட்டி, மூடிய முகம், குறித்த நாள். வேறு எதை நினைப்பது? எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வஸ்ஃபி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். தனக்காக அந்தச் சின்னப் பையன் வெளியே சரிந்து கிடக்கிறான் என்றே நினைத்தான்.

ஃபவ்வாஸின் முகத்தில் ரத்தமே இல்லை. பயமில்லை அது, வெட்கம். அப்பா கொடுத்த வாக்கைத் தன் சொந்தக்காரர்களே நடுரோட்டில் மிதிக்கிறார்கள் என்ற வெட்கம். இடுப்பு பெல்ட்டைக் கழற்றினான். துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். தொப்பியையும் எடுத்து அதன்மேல் வைத்தான். சொந்தக்காரனிடம் கெஞ்சப் போகிறவன் தலையில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது.

"டேய், என்னடா பண்ற?" என்றார் கேப்டன்.

"ஆயுதத்தோட போனா அவனுங்களுக்குச் சாக்காயிரும் கேப்டன். வெறுங்கையோட போனா ஷாஹிர் என்னை ஒண்ணும் பண்ண மாட்டான். சின்ன வயசுல என் முதுகுல ஏறிச் சவாரி பண்ணவன்."

வஸ்ஃபி கதவை மறித்து நின்றான்.

ஃபவ்வாஸ் பூனையைத் தேடவில்லை. நேராக அவன் கண்ணைப் பார்த்தான்.

"வஸ்ஃபி, நீ உள்ளயே இரு. இது எங்க வீட்டுச் சண்டை. நீ நடுவுல வந்தா எங்கப்பா வாக்கு போயிரும்."

அத்தனை நாளுக்குப் பிறகு தன் பெயரைத் தன்னிடமே அவன் சொல்லக் கேட்டதும் வஸ்ஃபி மறித்த கையை இறக்கிவிட்டான். அந்த ஒரு நொடியில் ஃபவ்வாஸ் அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு முற்றத்தில் இறங்கிவிட்டான். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நடந்தான்.

"டேய் ஷாஹிர்! சித்தப்பா பசங்களா! நான்தாண்டா, ஃபவ்வாஸ்! எங்கப்பா வாக்கு இருக்குடா! சாயங்காலம் ராஜிடா, மானத்த வாங்காதீங்க!"

கேட்டைத் திறந்தான். வெளியே ஒரு கால் வைத்தான். மூன்று முறை சுட்டார்கள்.

அவன் விழுந்த பிறகுதான் ஒலிபெருக்கி பேசியது. நம் மொழியைத்தான் பேசியது, ஆனால் வாயில் கல்லை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருங்கள் என்றது. தோப்புப் பக்கமிருந்து இஸ்ரேல் படையின் ஜீப்புகள் உறுமிக்கொண்டு வந்தன. மதிலின் உச்சிக் கற்கள் சிதறின. ஜன்னல் கண்ணாடி, காபிக் கிண்ணம் எல்லாம் நொறுங்கிக் கட்டில்மேல் கொட்டின.

அப்போது போன் அடித்தது.

கேப்டன் தரையில் படுத்தபடியே கையை நீட்டி எடுத்தார். ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் அதே குரல், அதே நிதானம். "உங்க பகுதியில அவங்க ஒரு வேலையா வந்திருக்காங்க. தயவுசெஞ்சு எல்லாரும் உள்ளே இருங்க." கேப்டன் போனைச் சுவரில் அடித்தார், அது நொறுங்குகிறவரை அடித்தார். பாதி முகத்தில் சோப்பு அப்படியே காய்ந்திருந்தது.

வஸ்ஃபி முற்றத்தில் வயிற்றால் ஊர்ந்தான். கேப்டன் பின்னால் வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு உதைத்தும் விடவில்லை. காற்றில் ஆடிய கேட் மறுபடி சாத்திக்கொண்டிருந்தது, அதைத் தொட்டால் குண்டு வந்தது. கேட்டின் அடியில், அந்த ஒரு சாண் இடைவெளியில், ஃபவ்வாஸின் முகம் தெரிந்தது. கன்னம் தார்ரோட்டில் பதிந்திருந்தது. கண் திறந்திருந்தது, இமைத்தது.

"ஃபவ்வாஸ்! டேய்! கேக்குதா?"

"கத்தாதடா. காது நல்லாத்தான் இருக்கு."

வஸ்ஃபி அந்தப் பூனை வழியில் கையை விட்டான். முழங்கைவரை போனது. விரல் விரலைத் தொட்டது. அவன் கை அப்போது வாக்குக்கு வெளியே இருந்தது, ஆனால் அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. ஃபவ்வாஸின் விரல்கள் சூடாக, பிசுபிசுவென்று இருந்தன.

"பிடிச்சுக்க. ஆம்புலன்ஸ் வந்துரும். பிடிச்சுக்கடா."

ஃபவ்வாஸ் மூச்சு வாங்கினான். பிறகு அவன் உதடு ஓரமாக விரிந்தது. சிரிப்பா அது என்று வஸ்ஃபி முதலில் நம்பவில்லை.

"வஸ்ஃபி... நம்ம பசங்க இல்லடா. பாத்தியா? நம்ம பசங்க இல்ல."

"ஆமாடா. இல்ல."

"ஷாஹிர சந்தேகப்பட்டுட்டேன். பாவம்டா அவன்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. விரல் மட்டும் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் வஸ்ஃபி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. வெயில் மதிலைத் தாண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சங்கு தெருக்கோடியில் கேட்டது, ராணுவம் அதை விடவில்லை. தோப்பையொட்டிய வீட்டிலிருந்து ஒரு வாலிபனைக் கண்ணைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஜீப்பில் ஏற்றினார்கள். வேனில் வேஷம் போட்டுக்கொண்டு அவர்கள் வந்த வேலை அதுதான். சாவடி நடுவழியில் இருந்தது, அவ்வளவுதான். ஆயுதத்தோடு சிலர் எங்களை நெருங்கினார்கள் என்று மத்தியானம் ரேடியோவில் இஸ்ரேல் படையின் அறிக்கை வந்தது.

ஜீப்புகள் போனதும் வஸ்ஃபி கேட்டைத் திறந்து வெளியே ஓடினான். கேட்டைத் தாண்டிய பிறகு எத்தனை அடி வந்தோம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மண்டியிலிருந்து அபூ தைர் ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் ஷாஹிர், மார்புவரை தாடி. ஒரு கணம் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். ஷாஹிரின் கை இடுப்புக்குப் போகவில்லை. அவன் குனிந்து ஃபவ்வாஸின் காலைப் பிடித்தான். வஸ்ஃபி தலைப்பக்கம் பிடித்தான். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். அத்லியை மற்றவர்கள் தூக்கினார்கள்.

அஸருக்கு ராஜி நடக்கவேண்டிய மண்டபத்துக்கு முன்னால் இரண்டு பேரின் ஜனாஸாவையும் வைத்துத் தொழுதார்கள். ராஜியைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் வஸ்ஃபி சாவடிக்கே திரும்பினான். வேறு எங்கே போவது? அன்றைக்கு அவனை யாரும் தொடவில்லை, சாவு வீட்டு மயக்கத்தில் விட்டுவிட்டார்கள். நாளைக்கு?

மறுநாள் சுவரெல்லாம் ஃபவ்வாஸின் போஸ்டர். கையில் துப்பாக்கியோடு எடுத்த பழைய படம். கடைசிக் குண்டு வரை போராடினான் என்று போட்டிருந்தது.

வஸ்ஃபி துக்கம் விசாரிக்கக் கிளம்பினான். கேப்டன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"போகாதே. போனாலும் வாயத் திறக்காதே. நான் சொன்ன சூத்திரத்தாலதான் அவன் போனான். அத நான் சுமந்துக்கறேன். அவன் உனக்காகத்தான் வெளிய போனான்னு அவங்கப்பனுக்குத் தெரிஞ்சா என்னாகும்? ஒரு பழி ரெண்டு பழியாகும். போஸ்டர்ல போட்டிருக்கறதே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்?"

"அப்பா வாக்க மதிச்சு வெறுங்கையோட போனவன் கேப்டன் அவன். போஸ்டர்ல இருக்கறது வேற எவனோ."

"உன்ன அங்கயே முடிச்சிருவாங்கடா. பொண்ணு முகத்த இன்னும் பாக்கல நீ."

குழந்தையை நினைத்துக்கொண்டே வஸ்ஃபி கேட்டருகே போய் நின்றான். திரும்பி வந்தான். மறுபடி போனான். பொய்யைக் காவல் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இந்த மதிலுக்குள் கிடப்பது? துப்பாக்கியையும் தொப்பியையும் மேஜைமேல், நேற்று ஃபவ்வாஸ் வைத்த அதே இடத்தில் வைத்துவிட்டு, மண்டி வழியாகவே நடந்தான்.

அபூ தைர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் வரிசையாக நின்று, வருகிறவர்களிடம் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசைத் தலையில் ஹாஜி முனீப், அடுத்து ஷாஹிர். வஸ்ஃபி உள்ளே வந்ததும் குர்ஆன் ஓதுகிறவரைத் தவிர மற்ற எல்லாக் குரலும் நின்றது. யாரோ ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். யாரோ சர்க்கரை போடாத துக்கக் காபியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

வஸ்ஃபி அதைக் குடிக்கவில்லை. தரையில் வைத்தான்.

அதன் அர்த்தம் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. ஹாஜி முனீப் வரிசையை விட்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்தார். ஒரே நாளில் அவர் முதுகு வளைந்திருந்தது.

"என்ன கேக்க வந்தே? ராஜியா? இன்னைக்கா?"

"கேக்க ஒண்ணும் வரல ஹாஜியார். சொல்லத்தான் வந்தேன்."

சொன்னான். வெள்ளை வேன், அடிக்காத போன், மேஜைமேல் வைத்த துப்பாக்கி, தொப்பி, விரித்த கை, சித்தப்பா பசங்களா என்று கூப்பிட்டது, எல்லாவற்றையும். எனக்காகத்தான் போனான் என்பதையும் விடாமல் சொன்னான். பந்தலுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. பின்னால் ஒரு நாற்காலி சரிந்து விழுந்தது. ஹாஜியார் திரும்பாமலே கையைத் தூக்கினார், அடங்கியது.

"துப்பாக்கிய வச்சுட்டா போனான்?"

"ஆமா."

"கடைசியா ஏதும் சொன்னானா?"

"சிரிச்சான் ஹாஜியார். நம்ம பசங்க இல்லடான்னு சொன்னான். ஷாஹிர சந்தேகப்பட்டுட்டேன், பாவம் அவன்னு சொன்னான். அதோட பேச்சு நின்னுருச்சு."

ஹாஜி முனீப் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஷாஹிரின் பக்கம் திரும்பினார்.

"அவன் நிம்மதியா போயிட்டான். நீ சொல்லு. அவன் மொதல்ல சந்தேகப்பட்டானே, அது தப்பா?"

ஷாஹிர் தரையைப் பார்த்தான்.

"உன்னத்தாண்டா கேக்கறேன். தப்பா?"

"தப்பில்ல பெரியப்பா," என்றான் ஷாஹிர். தாடி நடுங்கியது. "நேத்து மத்தியானம் போறதா இருந்தேன். என் வெள்ளை வேன்ல. நாலு பேர பேசி வச்சிருந்தேன். இஸ்ரேல்காரனுங்க காலையிலயே வந்துட்டானுங்க."

ஷாஹிர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்தைப் பெரியப்பாவின் முழங்காலில் வைத்து, சின்னப் பையனாக விம்மி அழுதான். கிழவர் அவன் தலையில் கை வைக்கவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. பிறகு வஸ்ஃபியைப் பார்த்தார்.

"அந்தக் காபிய எடு."

"சித்தப்பா..." என்றான் வஸ்ஃபி. பழைய நாளில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"எடுத்துக் குடி. குடிச்சுட்டு எழுந்து வா. எம்புள்ள நிக்க வேண்டிய எடம் வரிசையில காலியா கெடக்கு. ஜனம் வந்துக்கிட்டே இருக்கு."

வஸ்ஃபி கிண்ணத்தை எடுத்தான். ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். ஷாஹிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குப் போனான், பெரியப்பாவுக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, ஓரடி நகர்ந்து நின்றான்.